லீவரைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும்? இண்டிகேட்டர், தடம் மாறும் வசதிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் வாடகைக் கார் ஓட்டுகிறேன். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கோயில் கும்பாபிஷேகம் என்று ஊர் கூடும் நாட்களில் வெளியூர்ப் புதுக் கார்கள் தெருவை அடைத்து நிற்கும். அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள், "இது ஏன் இப்படிச் செய்கிறது என்று கொஞ்சம் பாருங்கள் அண்ணே" என்று சாவியை என் கையில் திணித்துவிடுவார்கள். பார்த்த அளவில் சொல்கிறேன்: இண்டிகேட்டர் பற்றி வரும் புகார்களில் பாதிக்கு மேல் எதுவும் கெட்டுப்போயிருக்காது. கார் வேலை செய்கிற விதம் மாறியிருக்கும். ஓட்டுகிறவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என்ன மாறியது? ஆரம்பகால மோரிஸ் மைனரில் கதவுத் தூணிலிருந்து சிறு கை ஒன்று வெளியே நீளும். அதன் பிறகு விளக்கு மின்னியது. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: நாம் எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்பதை அடுத்தவருக்குச் சொல்வது. இன்றைய காரில் இண்டிகேட்டர் போடும் லீவர் காருக்கும் செய்தி சொல்கிறது. கேமரா, ரேடார், ஸ்டீரிங், தானியங்கி வேகக் கட்டுப்பாடு எல்லாம் அந்த ஒரு தட்டலுக்காகக் காத்திருக்கின்றன. தட்டினால் ஒரு மாதிரி நடந்துகொள்ளும், தட்டாவிட்டால் வேறு மாதிரி. கீழே வரும் குறைகளில் சில பல்பு, வயர் சம்பந்தப்பட்டவை. மற்றவை இந்தப் பேச்சுவார்த்தையில் வந்த குழப்பம். எது எது என்று பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

பிரிப்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. அந்தி நேரத்தில் காரை ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்து நிறுத்துங்கள். எங்கள் ஊரில் சுண்ணாம்புச் சுவருக்குப் பஞ்சமில்லை. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில்தான் முடியும். முக்கோணப் பொத்தானை அழுத்தி டபுள் இண்டிகேட்டரைப் போட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே முன்விளக்குகள் இரண்டும் சுவரில் மின்னுவது தெரியும். பிறகு காரைத் திருப்பி நிறுத்திப் பின்விளக்குகளைப் பாருங்கள். கண்ணாடியிலோ பக்கவாட்டுத் தகட்டிலோ உள்ள சிறு விளக்கை மறக்க வேண்டாம். அதன் பிறகு இடது, வலது என்று தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். டபுள் இண்டிகேட்டரும் தனி இண்டிகேட்டரும் ஒரே பல்புகளைத்தான் எரிக்கின்றன. ஆகவே ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் பல்பைக் கழற்றிப் பயனில்லை.

இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடுகிறது

சிரிக்க வேண்டாம், கார் மாற்றி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் நடப்பது. மாருதி, ஹூண்டாய், டாடா, மஹிந்திரா கார்களில் இண்டிகேட்டர் லீவர் ஸ்டீரிங்குக்கு வலப்புறம் இருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற ஐரோப்பியக் கார்களில் இடப்புறம். கார் பழுதில்லை, கை பழக வேண்டும். அதுவரை ஒரு வழி: வண்டியை எடுப்பதற்கு முன், நின்ற இடத்திலேயே இடதும் வலதும் ஐந்தைந்து முறை போட்டுப் பழகுங்கள். வெயில் நாளில் கண்ணாடி காய்ந்து கிடக்கும்போது வைப்பர் செம்மண் தூசியை அரைத்துக் கோடு போட்டுவிடும். அது மட்டும்தான் இதில் உள்ள உண்மையான நஷ்டம்.

ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக மின்னுகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் மின்ன வேண்டும் என்பது விதி. கைக்கடிகாரத்தை வைத்து 15 வினாடி எண்ணுங்கள். 15 முதல் 30 வரை வந்தால் சரி. அதைத் தாண்டிப் பறந்தால், அந்தப் பக்கம் ஒரு பல்பு எரியவில்லை என்று கார் சொல்கிறது. விளக்கை விட்டுவிட்டு மின்ன வைக்கும் பாகத்துக்குப் பிளாஷர் என்று பெயர். பழைய கார்களில் சூடானால் வளையும் இரட்டை உலோகத் தகடு வைத்த பிளாஷர் இருந்தது. பல்பு ஒன்று போனால் மின்னோட்டம் குறைந்து, தகடு சூடாகத் தாமதமாகும். மின்னல் மெதுவாகும் அல்லது நின்றே போகும். மின்னணு பிளாஷர் வந்த பிறகு தலைகீழ்: குறையைக் கண்டதும் வேண்டுமென்றே வேகமாக மின்னி, ஓட்டுநர் கவனத்தை இழுக்கிறது. ஆக வேகம் என்பது நோய் இல்லை, முறையீடு.

இறங்கிச் சுற்றி வந்தால் எந்தப் பல்பு என்று தெரிந்துவிடும். மாற்றும்போது கவனிக்க வேண்டியது நிறம். விளக்கின் மூடி ஆரஞ்சு நிறமாக இருந்தால் உள்ளே வெள்ளைப் பல்பு. மூடி தெளிவாக இருந்தால் உள்ளே ஆரஞ்சுப் பூச்சுப் பல்பு. இரண்டும் 21 வாட்தான், ஆனால் அடிப்பாகத்தில் உள்ள இரண்டு குமிழ்கள் வெள்ளைப் பல்பில் நேருக்கு நேர் இருக்கும், ஆரஞ்சுப் பல்பில் சற்றே கோணலாக இருக்கும். ஒன்றின் ஹோல்டரில் மற்றது உட்காரக் கூடாது என்பதற்காகவே அந்தக் கோணல். உட்காராத பல்பை அழுத்தித் திருகி ஹோல்டரை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: ஆரஞ்சுப் பூச்சு வருடங்கள் போகப்போக உரிந்து, விளக்கு வெளுப்பாக மின்னும். பல்பு எரிந்தாலும் அது மாற்ற வேண்டிய பல்புதான். பகல் வெயிலில் வெள்ளை மின்னல் எடுபடாது.

புதுப் பல்பு போட்டும் வேகம் குறையவில்லையா? ஹோல்டருக்குள் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஒருமுறை உள்ளே போய்விட்டால் பித்தளைத் தகடு பச்சை பூத்துவிடும். 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் உலோக அரிப்பை ஒரு துறையாகவே ஆராய்கிறார்கள். அந்த வாசலைக் கடந்து போகிற நம் காரில் ஹோல்டரைத் துடைக்க ஆளில்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்து, மின் இணைப்புகளுக்கான தெளிப்பான் திரவம் அடித்துத் துடைத்தால் போதும். மூடியின் உள்பக்கம் காலையில் லேசாக ஆவி படிந்து, ஓட ஓட மறைந்தால் அது இயல்பு. தண்ணீர் தேங்கி ஆடினால் மூடியின் ரப்பர் போய்விட்டது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் பல்பு மாற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் சேர்ப்பதுதான்.

எல்இடி பல்பு போட்டவர்களுக்குத் தனி வார்த்தை. முன்னும் பின்னும் 21 வாட், பக்கத்தில் 5 வாட் என்று ஒரு பக்கத்துக்கு 47 வாட் இழுத்த இடத்தில் எல்இடி சில வாட்தான் இழுக்கும். பல்பு போய்விட்டது என்று கார் நினைத்துக்கொண்டு படபடக்கும். நான் இதை அனுபவித்தே கற்றேன். நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் ஆசைக்கு எல்இடி மாட்டினேன், வேகமாக மின்னியது, அதை மறைக்க 6 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். மின்தடை என்ன செய்யும்? எல்இடி மிச்சம் பிடித்த மின்சாரத்தை வெறும் சூடாக மாற்றி, பழைய பல்பு இருப்பதுபோல் நடிக்கும். மின்னும்போது ஏறக்குறைய 25 வாட்டைச் சூடாகக் கக்கும் அந்தச் சிறு பெட்டியைப் பிளாஸ்டிக்கின் மேல் நாடா போட்டு ஒட்டியிருந்தார்கள். கீரனூரில் ரயில்வே கேட் மூடியிருந்தபோது இண்டிகேட்டரைப் போட்டபடியே நின்றேன். கருகல் வாசம் வந்த பிறகுதான் புரிந்தது. மின்தடை வைத்தே ஆக வேண்டும் என்றால் வெறும் உலோகத்தில் திருகாணி போட்டு முடுக்குங்கள். என் யோசனை கேட்டால், காரோடு எல்இடி வந்திருந்தால் இருக்கட்டும். சாதாரணப் பல்போடு வந்த கார் சாதாரணப் பல்போடே இருக்கட்டும்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது

எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயரில் கோளாறு. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பின்விளக்குத் தொகுப்பு முழுவதற்கும் ஒரே எர்த் வயர். அது துருப்பிடித்து விட்டுப்போனால் பிரேக் விளக்கின் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் இண்டிகேட்டர் பல்பு வழியாகச் சுற்றிப் போகும். இரண்டும் மங்கலாக, ஒன்றோடொன்று சண்டையிடும். டிக்கியைத் திறந்து, விளக்கின் பின்னால் உள்ள கறுப்பு அல்லது பழுப்பு வயர் காரின் தகட்டில் எங்கே திருகப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். கழற்றி, சுரண்டி, இறுக்கினால் பத்து நிமிட வேலை. எங்கள் ஊர் எலெக்ட்ரீசியன் ஒருவர் எந்த விளக்குப் புகார் வந்தாலும் காரைப் பார்க்காமலே "எர்த்தைப் பார்த்தாயா தம்பி?" என்றுதான் ஆரம்பிப்பார். பெரும்பாலும் அதிலேயே முடிந்தும்விடும்.

டபுள் இண்டிகேட்டர் எரிகிறது, தனியாகப் போட்டால் எரியவில்லை

பல்பு, வயர், பிளாஷர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. லீவருக்குள் இருக்கும் தொடுமுனை தேய்ந்துவிட்டது. லீவரைப் போட்டபடி லேசாக மேலும் கீழும் அசைத்தால் விட்டுவிட்டு எரியும், அதுவே உறுதி. லீவரோடு சேர்ந்த காம்பினேஷன் சுவிட்சை மாற்ற வேண்டியிருக்கும். ஸ்டீரிங்கைக் கழற்ற வேண்டிய வேலை, அதில் காற்றுப்பை இருக்கிறது. வீட்டில் முயல வேண்டாம். சில கார்களில் இரண்டுக்கும் தனித்தனிப் ப்யூஸ் இருக்கும், ஆகவே சுவிட்சுக்குச் செலவழிப்பதற்கு முன் ப்யூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டுமே எரியவில்லை என்றால் ப்யூஸ், பிளாஷர், அல்லது புதுக் கார்களில் பிளாஷர் வேலையையும் சேர்த்துச் செய்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி. ஆனால் எங்கள் பகுதிக்கே உரிய காரணம் ஒன்று உண்டு: எலி. சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். கார் பெரிய வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும். வீட்டில் மனிதர்களைவிட எலிகள் அதிகம். வந்து சாவியைத் திருகினால் ஒரு பக்க விளக்கு இருக்காது. பானெட்டைத் திறந்து, பேட்டரிப் பக்கமும் முன்விளக்கின் பின்னாலும் துணித் துண்டு, தேங்காய் நார், புழுக்கை கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடந்தால் வயரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். கடித்த இடம் அகப்படும். பேட்டரி இறங்கியிருந்தாலும் இண்டிகேட்டர் மங்கி, தப்பும் தவறுமாக மின்னும். நீண்ட நாள் நின்ற காரில் அதைச் சரிபார்த்த பிறகே மற்றதற்குப் போங்கள்.

மூன்று முறை மின்னிவிட்டு நின்றுவிடுகிறது

பழுதில்லை, தடம் மாறுவதற்கென்றே வைத்த வசதி. லீவரை இரண்டு அளவில் அழுத்தலாம். விரல் நுனியால் பாதி தூரம் தட்டி விட்டால் மூன்று முறை மின்னித் தானாக அணையும். முழுவதும் தள்ளினால் 'டக்' என்று நின்று, நீங்கள் திரும்பும் வரை மின்னும். தடம் மாறப் பாதித் தட்டல், தெரு திரும்ப முழுத் தள்ளல். பல கார்களில் திரையின் அமைப்புப் பட்டியலுக்குள் போய் மூன்றை ஐந்தாகவோ ஏழாகவோ மாற்றலாம். மாற்றிவிடுங்கள் என்பேன். மூன்று முறை மின்னுவதற்கு இரண்டு, மூன்று வினாடிதான் ஆகும். திருச்சி மதுரை நான்கு வழிச் சாலையில் பின்னால் மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிறவர் உங்கள் விளக்கைப் பார்த்து, புரிந்து, காலை எடுக்க அது போதாது. ஐந்து இருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும்.

தவறான பக்கம் தட்டிவிட்டால் எதிர்ப்பக்கம் ஒரு தட்டு தட்டுங்கள், பெரும்பாலான கார்களில் உடனே நின்றுவிடும்.

திரும்பி முடித்தும் அணையவில்லை. அல்லது திரும்பும் முன்பே அணைந்துவிடுகிறது

தானாக அணைவது ஸ்டீரிங் திரும்பி வருவதைப் பொறுத்தது. ஸ்டீரிங் தண்டில் ஒரு பல் இருக்கிறது. நீங்கள் போதிய அளவு திருப்பி, பிறகு நேராக்கும்போது அது லீவரைத் தட்டிவிடும். கானாடுகாத்தானில் இது பிசகவே பிசகாது. தெருக்கள் கோடு கிழித்தது போல் நேராக ஓடி, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டீரிங் நன்றாகச் சுழலும். ஆனால் புறவழிச்சாலையிலிருந்து ஊருக்குள் சாய்வாகப் பிரியும் இடத்தில் ஸ்டீரிங் கால் சுற்றுகூடத் திரும்பாது. பல் எட்டாது, விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். ஐந்து கிலோமீட்டர் வலது இண்டிகேட்டரோடு போகிற காரை எதிரில் பார்த்தால் அதை நம்பி நீங்கள் எதுவும் செய்ய முடியாது. அங்கே கையால்தான் அணைக்க வேண்டும். கார் மேல் குற்றமில்லை.

ஒரு பக்கம் சரியாக அணைந்து மறுபக்கம் அணையாவிட்டால் அந்தப் பல் உடைந்திருக்கலாம். ஸ்டீரிங் வேலை எதாவது செய்துவிட்டு வந்த பிறகு இந்தக் கோளாறு ஆரம்பித்தது என்றால், ஸ்டீரிங்கை நேராக வைத்து மாட்டவில்லை. செய்த இடத்துக்கே திருப்பி எடுத்துப் போங்கள்.

ஒற்றை விளக்கு விநோதங்கள்

மூன்று விஷயங்களைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், மூன்றுமே பழுதல்ல.

இண்டிகேட்டர் போட்டதும் அந்தப் பக்கத்துப் பகல் விளக்கு மங்குகிறது அல்லது அணைகிறது: ஆரஞ்சு மின்னல் வெள்ளை ஒளியில் கரைந்துபோகக் கூடாது என்பதற்காக. இரவில் மெதுவாகத் திரும்பும்போது ஒரு பக்கப் பனி விளக்கு மட்டும் எரிகிறது: திரும்பும் மூலையைக் காட்டுவதற்காக. கோட்டை போல் மதில் எழுந்து நிற்கும் எங்கள் தெருமுனைகளில் நிஜமாகவே பயன்படும் வசதி இது. மதிலோரம் படுத்திருக்கும் மாடு முன்கூட்டியே தெரியும்.

மூன்றாவதுதான் வம்பு. காரைப் பூட்டிவிட்டு வந்தால் ஒரு பக்கம் முன்னும் பின்னும் சிறு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஐரோப்பியக் கார்கள் சிலவற்றில், என்ஜினை அணைக்கும்போது லீவர் ஒரு பக்கம் தள்ளியபடி இருந்தால், 'இருட்டுத் தெருவில் நிறுத்துகிறார், சாலைப் பக்கம் விளக்கு வேண்டும்' என்று கார் எடுத்துக்கொள்ளும். லீவரை நடுவுக்குக் கொண்டு வந்தால் அணைந்துவிடும். தெரியாமல் இரவு முழுவதும் விட்டால் காலையில் பேட்டரி கை விரித்துவிடும். கல்யாண வீட்டு வாசலில் இப்படி நின்ற ஒரு காரை, மாப்பிள்ளை அழைப்பு முடிந்த கையோடு ஆறு பேர் தள்ளி ஓரம் கட்டினோம்.

தடம் மாறும்போது ஸ்டீரிங் என்னை எதிர்த்து இழுக்கிறது

பேய் பிடித்தது போல் இருக்கிறது என்று என் அண்ணன் மகன் சொன்னான். இண்டிகேட்டர் போட்டாயா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

முன்கண்ணாடியின் மேல்பகுதியில், உட்புறக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா சாலைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வரும். பெரும்பாலான கார்களில் மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டி இது விழித்துக்கொள்ளும். இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தொட்டால், தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்து முதலில் ஒலி எழுப்பும் அல்லது ஸ்டீரிங்கை அதிர வைக்கும். பிறகு மெல்ல உள்ளே இழுக்கும். இண்டிகேட்டர் போட்டிருந்தால் வேண்டுமென்றே போகிறீர்கள் என்று விலகிக்கொள்ளும். அவ்வளவுதான் இரகசியம். இழுப்பு பலமானதும் இல்லை. கையை உறுதியாக வைத்துத் திருப்பினால் கார் உங்கள் சொல்லைத்தான் கேட்கும். பதறிக் கையை விடுவதுதான் ஆபத்து.

ஆனால் எங்கள் சாலையில் இந்த விளக்கத்தோடு விஷயம் முடிவதில்லை. தைப்பூசத்துக்கு முன்பு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழநிக்குப் புறப்படும். வெறுங்காலோடு, காவடியோடு, மாட்டு வண்டியோடு சாலையின் இடது ஓரம் முழுவதும் மனிதர்கள். இரவிலும் நடப்பார்கள். அவர்களுக்கு இடம் விட்டுக் காரை வலப்பக்கம் ஒதுக்குவோம். இடம் விட்டு ஒதுங்குவதற்கு யாரும் இண்டிகேட்டர் போடுவதில்லை. நடுக்கோட்டைச் சக்கரம் தொட்டதும் கார் உங்களை இடப்பக்கம், அதாவது நடப்பவர்கள் பக்கம் இழுக்கும். கோட்டைப் பார்க்கிற அந்த வசதிக்கு நீங்கள் ஏன் ஒதுங்கினீர்கள் என்பது தெரியாது. ஆகவே ஒதுங்குவதானாலும் வலது இண்டிகேட்டரைத் தட்டிவிட்டு ஒதுங்குங்கள். இல்லையென்றால் அந்த மாதம் முழுவதும் இந்தப் பக்கச் சாலைகளில் இந்த வசதியை அணைத்துவிடுங்கள். ஸ்டீரிங்கிலோ டாஷ்போர்டிலோ இரண்டு கோடுகளுக்கு நடுவே கார் இருக்கும் படம் போட்ட பொத்தான் அதற்குத்தான். சில கார்களில் ஒவ்வொரு முறை என்ஜினைப் போடும்போதும் அது தானாக மீண்டும் வந்துவிடும்; மறக்காமல் பாருங்கள். நான்கு வழிச் சாலை ஏறியதும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அங்கே அது நல்ல துணை, குறிப்பாக இரவு இரண்டு மணிக்கு மேல்.

எதிர்ப்புகாரும் உண்டு: எதுவுமே செய்வதில்லை என்பார்கள். திரையில் கோடுகளின் படம் சாம்பல் நிறமாக இருந்தால் கேமராவுக்குக் கோடு தெரியவில்லை. கோடு அழிந்த சாலை, மாலையில் முகத்தில் அடிக்கும் வெயில், கொட்டும் மழை, கண்ணாடியில் படிந்த செம்மண் எல்லாமே காரணம். கேமராவுக்கு நேரே சாமி படமோ ஸ்டிக்கரோ ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தெய்வக் குற்றம் ஆகாது, கொஞ்சம் கீழே நகர்த்தி ஒட்டலாம். முன்கண்ணாடி உடைந்து மாற்றியிருந்தால் கேமராவை மீண்டும் அளவு பொருத்த வேண்டும். அதைச் செய்யாமல் வந்தால் கோட்டுக்கு ஒரு அடி முன்பே கத்தும் அல்லது தாண்டிய பிறகு கத்தும். கண்ணாடி மாற்றிய ரசீதில் அந்த வேலை எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இண்டிகேட்டர் போட்டதும் கார் பாய்கிறது

முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகம் கூட்டிக் குறைக்கும் தானியங்கி வேகக் கட்டுப்பாடு போட்டிருக்கிறீர்கள். லாரிக்குப் பின்னால் போகும்போது வலது இண்டிகேட்டர் போட்டால், முந்தப்போகிறீர்கள் என்று சில கார்கள் முன்கூட்டியே கொஞ்சம் வேகம் எடுக்கும். நான்கு வழிச் சாலையில் நல்லதுதான். இருவழிச் சாலையில், எதிரே பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதற்காக இண்டிகேட்டர் போடும் பழக்கம் நமக்கு உண்டு. அப்போது இது வயிற்றைக் கலக்கும். இருவழிச் சாலையில் இந்தக் கட்டுப்பாட்டை அணைத்து வைப்பதே நான் செய்வது. பாய்ந்துவிட்டால் பிரேக்கைத் தொடுங்கள், உடனே விட்டுவிடும்.

கண்ணாடியில் ஒரு விளக்கு எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் கத்துகிறது

கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் வண்டி இருக்கிறது என்று பின் பம்பருக்குள் இருக்கும் ரேடார் சொல்கிறது. சும்மா எரிந்தால் தகவல். நீங்கள் அந்தப் பக்கம் இண்டிகேட்டர் போட்ட பிறகும் வண்டி இருந்தால்தான் மின்னும், கத்தும். கத்தினால் திரும்பாதீர்கள், அதில் விவாதம் வேண்டாம்.

யாருமே இல்லாதபோது எரிந்தால் சாலையோர இரும்புத் தடுப்பு காரணமாக இருக்கலாம். அடிக்கடி நடந்தால்தான் கவலைப்பட வேண்டும். யாராவது இருக்கும்போது எரியாவிட்டால் பம்பரைப் பாருங்கள். மழைக்குப் பிறகு கெட்டியாகப் படிந்த சேறு, உலோகப் பளபளப்பு ஸ்டிக்கர், இடி வாங்கியதை மறைக்கப் பூசிய தடித்த பட்டியும் பெயிண்டும் ரேடாரை மங்க வைக்கும். இன்னொரு வரம்பும் தெரிந்திருக்கட்டும்: சந்திலிருந்து திடீரென்று வந்து சேரும் மொபெட்டை ரேடார் கண்டுகொள்வதற்குள் அது உங்கள் கதவோரம் வந்துவிடும். காரைக்குடிக் கடைத்தெருவில் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

2020இல் வந்த ஹோண்டா சிட்டியில் இடது இண்டிகேட்டர் போட்டால் இடப்பக்கக் கண்ணாடியின் கீழுள்ள கேமராவின் காட்சி திரையில் வரும். 'பாட்டுத் திரை மறைகிறது, வழி காட்டும் வரைபடம் காணாமல் போகிறது' என்று அதைப் புகாராகச் சொல்கிறவர்கள் உண்டு. காட்சி கலங்கலாக இருந்தால் கேமராவின் சிறு கண்ணாடியை ஈரத் துணியால் துடையுங்கள்.

டிக் டிக் சத்தம் வரவில்லை

விளக்கு எரிகிறதா? அப்படியானால் அவசரமில்லை. முன்பு அது பிளாஷர் தட்டும் நிஜச் சத்தம். இப்போது பல கார்களில் ஸ்பீக்கர் எழுப்பும் போலிச் சத்தம். புதிதாகப் பாட்டுப் பெட்டி மாற்றிய பிறகு போயிருந்தால் காரணம் அதுதான்.

டபுள் இண்டிகேட்டர் தானாகவே எரிகிறது

வேகத்தில் போகும்போது பலமாகப் பிரேக் அடித்தால், பின்னால் வருகிறவரை எச்சரிக்கச் சில கார்கள் தாமே விளக்குகளைப் படபடவென்று மின்ன வைக்கும். குறுக்கே ஆடு வந்ததற்கு நீங்கள் மிதித்த மிதிக்கு அது பதில். மீண்டும் வேகம் எடுத்தால் அணையும், இல்லாவிட்டால் முக்கோணப் பொத்தானை அழுத்துங்கள்.

நாமாகப் போடுவதில்தான் பெரிய பிழை. நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்று சொல்ல டபுள் இண்டிகேட்டர் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மதில் மறைக்கும் எங்கள் தெருமுனையில் இடப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு உங்கள் காரின் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். தன் பக்கம் திரும்புகிறீர்கள் என்று நினைத்து வண்டியை எடுத்துவிடுவார். நேராகப் போவதற்கு எந்த விளக்கும் தேவையில்லை. மழையில் ஓடும்போது போடுவதும் அதே கதை: அதன் பிறகு நீங்கள் தடம் மாறினால் பின்னால் வருபவருக்கு எந்தப் பக்கம் என்று சொல்ல உங்களிடம் விளக்கு மிச்சம் இல்லை. நின்றுபோன வண்டிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போடுகிறது, என்ன செய்வது?

உங்கள் காரில் சரிசெய்ய எதுவும் இல்லாத ஒரே கோளாறு. சில ஓட்டுநர்கள் 'பாதை காலி, வலப்பக்கமாக முந்திக்கொள்' என்று வலது விளக்கைப் போடுவார்கள். சிலர் அதே அர்த்தத்தில் இடது விளக்கைப் போட்டு ஓரம் ஒதுங்குவார்கள். சிலர் நிஜமாகவே வலப்பக்கம் திரும்பப்போவதற்காகப் போடுவார்கள். திருமயத்திலிருந்து காரைக்குடி வரும் வழியில் கிராமத்துக்குப் பிரியும் கிளைச்சாலைகளுக்குக் குறைவில்லை. விளக்கைப் பார்க்காதீர்கள், லாரியைப் பாருங்கள்: பிரேக் விளக்கு எரிந்து, வண்டி நடுக்கோட்டை நோக்கி நகர்ந்தால் திரும்பப்போகிறது. வேகம் குறையாமல் இடப்பக்கம் ஒட்டினால் உங்களுக்கு வழி விடுகிறது. அப்போதும் எதிர்ச்சாலை உங்கள் கண்ணுக்குத் தெரிந்த பிறகு மட்டுமே வெளியே வாருங்கள், வலது இண்டிகேட்டரை முழுவதுமாகத் தள்ளி.